அப்பாவாக மட்டும் திரும்பியவன்

‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ‘அவ்வை சண்முகி’யின் மூலக்கதை என்ற அளவில்தான் அறிந்திருக்கிறார்கள். மனைவியைப் பிரிந்த ஒருவன், பிள்ளைகளோடு இருக்க வழியில்லாமல், வயதான பெண்மணியாக வேடம் போட்டு அதே வீட்டில் வேலைக்குச் சேர்கிறான். இந்தக் கதைதானே என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலப் படத்தைப் பார்க்க உட்கார்கிறவர்களைக் கடைசிப் பகுதி திகைக்க வைக்கும். வேடம் கலைந்துவிடுகிறது. கோபம் ஆறிவிடுகிறது. மனைவி தானாகவே அவனைத் தேடி வந்து பேசுகிறாள். ஆனால் சேர்ந்து வாழலாம் வா என்று அழைப்பதில்லை. விவாகரத்து விவாகரத்தாகவே இருக்கிறது, பிள்ளைகள் மட்டும் அப்பாவிடம் வந்து சேர்கிறார்கள்.

படம் வெளியாகி 30 ஆண்டுகள் தாண்டிய பிறகும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது இந்த முடிவுக்காகத்தான். கணவன் என்ற உறவு முடிந்துபோகலாம், அப்பா என்ற உறவு அதோடு முடிவதில்லை. முன்னதைத் திரும்பப் பெறாமலே பின்னதைத் திரும்பப் பெறலாம். இதை ஒரு வெகுஜன நகைச்சுவைப் படம் துணிந்து சொன்னது. தமிழுக்கு வரும்போது கதை வந்தது, வேடம் வந்தது, சிரிப்பு இன்னும் கூடுதலாகவே வந்தது. இந்த ஒன்று மட்டும் வரவில்லை.

கதையின் வேர் ஒரு நாவல். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆன் ஃபைன் 1987இல் இளம் வாசகர்களுக்காக எழுதியது. பின்னாளில், 2001 முதல் 2003 வரை, பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்கான மிக உயர்ந்த கௌரவப் பொறுப்பை வகித்தவர் அவர். நாவலில் சிரிப்பு உண்டு, ஆனால் படத்தில் இல்லாத அளவு கசப்பும் உண்டு. அப்பா அம்மா சண்டையை நடுவில் நின்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பிள்ளைகளின் கதை அது. மூத்த பிள்ளைகள் இருவரும் வேடத்தை உடனே கண்டுகொள்கிறார்கள். அதன் பிறகு அப்பாவின் ரகசியத்தை அம்மாவிடமிருந்து காப்பாற்றும் பாரமும் அவர்கள் தலையில் விழுகிறது. பெற்றோர் பிரிந்த வீடுகளில் பிள்ளைகள் ஒருவர் ரகசியத்தை இன்னொருவரிடம் மறைத்து வளர்வது எவ்வளவு சகஜம் என்பது அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆன் ஃபைன் அதை உள்ளிருந்து பார்ப்பதுபோல எழுதியிருக்கிறார்.

ஹாலிவுட் இந்தக் கதையை எடுத்து சான் ஃபிரான்சிஸ்கோவில் வைத்தது. திரைக்கதை ராண்டி மேயம் சிங்கர், லெஸ்லி டிக்சன். இயக்கம் கிறிஸ் கொலம்பஸ். டேனியல் ஹிலார்டாக ராபின் வில்லியம்ஸ், மனைவி மிராண்டாவாக சாலி ஃபீல்டு. சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 44 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1993இல் அதைவிட அதிகம் வசூலித்த படம் ‘ஜுராசிக் பார்க்’ ஒன்றுதான். ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது, சிறந்த நகைச்சுவைப் படத்துக்கும் நடிகருக்கும் கோல்டன் குளோப் கிடைத்தது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் சோகமான முடிவை யாரும் விரும்ப மாட்டார்கள். திரைக்கதையின் ஆரம்ப வடிவங்களில் கணவனும் மனைவியும் கடைசியில் ஒன்று சேர்வதாகவே இருந்தது. அதை எதிர்த்து மாற்ற வைத்தவர்களில் இயக்குநரும், முதன்மை நடிகர்கள் இருவரும் இருந்தார்கள். வில்லியம்ஸ் 1988இல் முதல் மனைவியை விவாகரத்து செய்தவர், அந்த மணத்தில் அவருக்கு ஒரு மகன். ஃபீல்டும் விவாகரத்தைக் கடந்து வந்தவர். படம் பார்க்க வரும் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் அப்பா ஒரு வீட்டிலும் அம்மா ஒரு வீட்டிலுமாக வாழ்பவர்கள், அவர்களுக்குப் பொய் நம்பிக்கை ஊட்டக் கூடாது என்பதே அவர்களின் வாதம்.

அந்த வாதம் வெறும் நல்லெண்ணம் அல்ல, அதற்கு ஆதாரம் கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுண்டி. அங்கேதான் 1971இல் உளவியலாளர் ஜூடித் வாலர்ஸ்டைன், விவாகரத்தான 60 குடும்பங்களையும் அவற்றின் 131 பிள்ளைகளையும் ஆராயத் தொடங்கினார். ஜோன் கெல்லியோடு சேர்ந்து 1980இல் முதல் நூலை வெளியிட்டார். சிறு பிள்ளைகள் பிரிவுக்குத் தாங்களே காரணம் என்று நினைக்கிறார்கள். ஆண்டுகள் கடந்த பிறகும், ஒருவர் மறுமணமே செய்துகொண்ட பிறகும், அப்பாவும் அம்மாவும் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று பல பிள்ளைகள் உள்ளுக்குள் காத்திருக்கிறார்கள். ஆய்வு சிறியது, வசதியான ஓர் ஊரில் நடந்தது, ஒப்பிட்டுப் பார்க்க விவாகரத்தாகாத குடும்பங்கள் அதில் இல்லை என்று பிற்பாடு வந்தவர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறைகள் நியாயமானவை. ஆனாலும் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும், தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதும் சேர்வார்கள் என்று காத்திருப்பதும், பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்களும் மனநல ஆலோசகர்களும் அன்றாடம் காண்பவைதான்.

படத்தின் கடைசிக் காட்சி நேராக இந்த இரண்டுக்கும் பதில் சொல்கிறது. டவுட்ஃபயர் பாட்டியாக டேனியல் இப்போது தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்துகிறான். பெற்றோர் பிரிந்த ஒரு சிறுமியின் கடிதத்தைப் படிக்கிறான். சில அப்பா அம்மாக்கள் தனித்தனியாக இருந்தால்தான் சண்டை போடாமல் நல்லவர்களாக இருக்க முடிகிறது என்கிறான். அவர்கள் சேரலாம், சேராமலும் போகலாம்; சேராவிட்டால் அது உன் தப்பில்லை என்கிறான். குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்பதில்லை, அன்பு இருந்தால் அதுவே குடும்பம் என்கிறான். இந்தப் பேச்சுக்கு முன்னால் கணவனும் மனைவியும் கட்டிப்பிடித்துச் சேர்ந்திருந்தால், அந்தச் சிறுமிக்குச் சொன்ன பதில் வெறும் பேச்சாகிவிடும்.

திருமணம் ஏன் முறிந்தது

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சிரிப்பே இல்லாத ஒரு காட்சி. மிராண்டாவும் டவுட்ஃபயர் பாட்டியும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதனால் கல்யாணம் முறிந்தது என்று பாட்டி மெல்லக் கேட்கிறாள். மிராண்டா கணவனைத் திட்டித் தீர்க்கப்போகிறாள் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். அவள் அதைச் செய்வதில்லை. அவன் வேடிக்கையானவன், அந்த வேடிக்கைக்காகத்தான் அவனைக் காதலித்தேன் என்கிறாள். பிறகு, அவனோடு இருக்கும்போது நான் யாராக மாறிவிடுகிறேனோ அவளை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறாள். இரவுகளில் தனியாக அழுதிருக்கிறாள், பக்கத்திலேயே இருந்த அவனுக்கு அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட ஓர் அம்மாவைப் பார்த்து என் பிள்ளைகள் வளரக் கூடாது என்று தோன்றியதால்தான் பிரிந்தேன் என்கிறாள்.

கேமரா டவுட்ஃபயரின் முகத்தில் நிற்கிறது. அத்தனை ரப்பரும் பவுடரும் பூசிய முகத்துக்குள் வில்லியம்ஸின் கண்கள் மட்டும்தான் அசைகின்றன. 14 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த மனைவி ஒரு முறைகூடத் தன்னிடம் சொல்லாததை, வேலைக்கு வந்த கிழவியிடம் சொல்கிறாள். அதைக் கேட்டதும் அவனால் ‘நான்தான் டேனியல்’ என்று சொல்லவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது. விவாகரத்து பற்றி வந்த எத்தனையோ படங்களில் இவ்வளவு நேர்மையான உரையாடலை நான் பார்த்ததில்லை. ஏனென்றால் இதில் வில்லன் இல்லை. குடிகாரன் இல்லை, அடிக்கிறவன் இல்லை, மாமியார் இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள், சேர்ந்திருந்தால் ஒருவரையொருவர் மோசமாக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் காட்சிகளைத் திரும்பிப் பார்த்தால் இது புரியும். மகனின் பிறந்தநாளுக்கு டேனியல் வீட்டுக்குள் ஒரு மிருகக்காட்சிச் சாலையையே வரவழைக்கிறான், பிள்ளைகள் மேஜை மேல் ஏறி ஆடுகிறார்கள். மிராண்டா வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. எப்போதும் அவன் கொண்டாட்டம், அவள் கண்டிப்பு. பிள்ளைகள் கண்ணுக்கு அப்பா நண்பன், அம்மா வில்லி. இந்தப் பங்கீடு நம் வீடுகளிலும் நடப்பதுதான். மாலையில் ஒரு மணி நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டுப் போகும் அப்பா செல்லமாகிவிடுகிறார், நாள் முழுவதும் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, படிக்க வைக்கும் அம்மா திட்டுகிறவளாகிவிடுகிறாள். டேனியல் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்பு வேறு, பராமரிப்பு வேறு என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

அதை அவனுக்குக் கற்றுக்கொடுப்பது வேடம். டவுட்ஃபயராக வீட்டுக்குள் வந்தவுடன் அவன் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வீட்டுப்பாடம் எழுத உட்கார வைப்பது. சமைக்கத் தெரியாமல் முதல் நாள் எல்லாவற்றையும் தீய்த்துவிட்டு, உடையிலேயே நெருப்புப் பிடித்துத் தவிக்கிறவன், போகப் போக நிஜமாகவே சமைக்கக் கற்றுக்கொள்கிறான், தன் வாடகை வீட்டையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிறான். மிராண்டா அவனிடம் கேட்டதெல்லாம் இதைத்தான். பிரிந்த பிறகுதான் அவன் அந்த வீட்டுக்குத் தேவையான அப்பா ஆகிறான். அதைப் பார்த்து மிராண்டாவுக்கு அவன் மேல் மதிப்பு வருகிறது. காதல் திரும்பி வருவதில்லை. மதிப்பு வேறு, காதல் வேறு என்று பிரித்துக் காட்டிய இடத்தில் இந்தத் திரைக்கதைக்குத் தலைவணங்க வேண்டும்.

பராமரிக்கிறவனாக ஆக ஓர் ஆண் பெண் உடை போட்டுக்கொண்டுதான் ஆக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. 1993இன் ஹாலிவுட், பிள்ளை வளர்ப்பதைப் பெண்ணின் வேலையாகத்தான் பார்த்தது, அதை வைத்துத்தான் இந்தக் கதையே நிற்கிறது. ஆண் பெண் உடையில் இருப்பதைக் கண்டு பிள்ளைகள் அருவருத்து அலறும் காட்சி இன்று சங்கடமாகவே இருக்கிறது. ஆனால் படத்தின் முடிவில் பள்ளி விட்டதும் பிள்ளைகளை அழைத்துப்போக வருவது டவுட்ஃபயர் அல்ல, டேனியல். வேடம் தொலைக்காட்சிக்குப் போய்விடுகிறது, கற்றுக்கொண்டது அவனிடம் தங்கிவிடுகிறது.

சனிக்கிழமை அப்பா

சட்டத்தின் பின்புலம் தெரிந்தால் படம் இன்னும் தெளிவாகும். கலிஃபோர்னியாவில் 1969இல் கவர்னர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டு, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அமெரிக்காவிலேயே முதன்முறையாக, யார் மீதும் குற்றம் நிரூபிக்காமல் விவாகரத்து பெற வழி செய்தது. ஒத்துப்போகவில்லை என்பதே போதுமான காரணம் ஆனது. மிராண்டா பெறுவது அப்படிப்பட்ட விவாகரத்துதான்.

பிள்ளைகள் யாரிடம் என்பது தனிக் கேள்வி. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளைகள் முழுக்க முழுக்க அப்பாவுக்கு உரியவர்கள். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரிடமிருந்து கணவன் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டபோது அவர் நடத்திய போராட்டத்தின் விளைவாக 1839இல் பிரிட்டனில் வந்த சட்டம், 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தாய் கேட்க முதன்முறையாக வழி திறந்தது. அதன் பிறகு தராசு மெல்லச் சாய்ந்து, 20ஆம் நூற்றாண்டில் இளம் பிள்ளைகள் தாயிடமே என்பது ஏறக்குறைய எழுதாத விதியாயிற்று. அப்பா பணம் அனுப்புகிறவரும் வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்க்கிறவரும் ஆனார்.

இதை மாற்ற கலிஃபோர்னியா 1979இல் இன்னொரு சட்டம் இயற்றியது. பிரிந்த பிறகும் பிள்ளைகள் இரண்டு பெற்றோரோடும் அடிக்கடியும் தொடர்ச்சியாகவும் பழக வேண்டும் என்பதே மாநிலத்தின் கொள்கை என்று அது அறிவித்தது. இருவரும் ஒப்புக்கொண்டால் கூட்டுப் பொறுப்பே பிள்ளைக்கு நல்லது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்றது. ‘இருவரும் ஒப்புக்கொண்டால்’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டேனியலுக்கு அப்போது வேலை இல்லை, வீடு இல்லை, மனைவியின் ஒப்புதலும் இல்லை. நீதிபதி பொறுப்பு முழுவதையும் மிராண்டாவுக்குக் கொடுக்கிறார். அவனுக்குச் சனிக்கிழமை மட்டும். மூன்று மாதத்துக்குள் வேலையும் வீடும் தேடிக்கொள், பிறகு பார்க்கலாம் என்கிறார். சட்டப்படி அது கொடூரமான தீர்ப்பு அல்ல. ஆனால் தினமும் காலையில் பிள்ளைகள் முகத்தில் விழித்தவனுக்கு வாரத்தில் ஒரு நாள் என்றால் என்ன என்பதை, நீதிமன்றத்தில் அவன் தடுமாறித் தடுமாறிப் பேசும் அந்த ஒரு நிமிடத்தில் வில்லியம்ஸ் நமக்குக் காட்டிவிடுகிறார். அங்கே அவர் ஒரு குரல்கூட மாற்றிப் பேசுவதில்லை.

வாலர்ஸ்டைனும் கெல்லியும் இந்த வார விருந்தாளி அப்பாக்களைப் பற்றி நிறையவே எழுதினார்கள். எங்கே அழைத்துப் போவது, என்ன பேசுவது, எப்போது கண்டிப்பது என்று தெரியாமல் அவர்கள் தவிக்கிறார்கள். ஒன்றாக வாழும்போது அப்பாவும் மகளும் ஒரே அறையில் ஆளுக்கொரு வேலையாக, ஒன்றும் பேசாமல் இருக்கலாம், அதுவும் உறவுதான். வாரம் ஒரு நாள் என்றானதும் ஒவ்வொரு நிமிடமும் எதையாவது செய்தாக வேண்டியதாகிவிடுகிறது. பலர் அந்தச் சங்கடம் தாங்காமலே வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள், பிள்ளைகளோ அப்பாவுக்கு நம் மேல் பாசம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டேனியல் வேடம் போடுவது உண்மையில் அந்தச் சாதாரண நேரங்களுக்காகத்தான். வீட்டுப்பாடம், இரவுச் சாப்பாடு, படுக்கும் முன் ஒரு கதை. பெரிய சுற்றுலா எதையும் அவன் கேட்கவில்லை.

அதே சமயம் அவன் செய்வது தப்பு. விவாகரத்து பெற்ற ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அவள் அறியாமல் முன்னாள் கணவன் நாள்தோறும் புகுந்து, அவள் மனம்விட்டுப் பேசுவதைக் கேட்டு, அவளுடைய புதிய நண்பனை விரட்டப் பார்க்கிறான். வேலைக்கு ஆள் தேடி அவள் எழுதிய விளம்பரத்தில் தொலைபேசி எண்ணை அவளுக்குத் தெரியாமல் மாற்றி, வேறு யாரும் அழைக்க முடியாதபடி செய்கிறான். சிரித்துக்கொண்டே பார்க்கும் நமக்கு இதன் கனம் உடனே உறைப்பதில்லை. படம் ஆனால் அதை மறக்கவில்லை. உணவகத்தில் மிராண்டாவின் நண்பன் ஸ்டூவின் தட்டில் அவனுக்கு ஒவ்வாத மிளகைத் தூவிவிட்டு, அவன் மூச்சுத் திணறியதும் பதறி ஓடிக் காப்பாற்றும்போதுதான் முகமூடி கிழிகிறது. மிராண்டாவின் அதிர்ச்சியைப் படம் முழுமையாக மதிக்கிறது. அடுத்து வரும் நீதிமன்றக் காட்சியில் அவன் மனமுருகிப் பேசியும் பலனில்லை. சனிக்கிழமைச் சந்திப்புகூட இனி ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் என்று தீர்ப்பாகிறது. பொய்யின் மூலம் பெற்றதை எல்லாம் அவன் இழக்கிறான். ஸ்டூவையும் கெட்டவனாகக் காட்டாமல், பிள்ளைகளோடு அன்பாகப் பழகும் கண்ணியமான மனிதனாகவே படைத்திருப்பது இன்னொரு நல்ல முடிவு. அம்மாவுக்கு ஒரு புதிய துணை வந்தால் அவன் பிள்ளைகளுக்கு எதிரியாகத்தான் இருப்பான் என்ற எண்ணத்தை அது வளர்க்கவில்லை.

சென்னைக்கு வந்தபோது

1996 தீபாவளிக்கு வந்தது ‘அவ்வை சண்முகி’. இயக்கம் கே.எஸ். ரவிகுமார், வசனம் கிரேசி மோகன், நாயகன் கமல்ஹாசன். மாமி வேடத்துக்கான ஒப்பனை ஹாலிவுட்டைச் சேர்ந்த மைக்கேல் வெஸ்ட்மோர். இதை வெறும் நகல் என்று தள்ளுவது அநியாயம். கமல் சிறுவனாக டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் பயின்றவர். மேடையில் அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்று, ‘அவ்வை’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்ட கலைஞர் சண்முகம். ஆண்கள் பெண் வேடம் கட்டி ஊர் ஊராக நடித்த நீண்ட மரபு தமிழ் நாடகத்துக்கு உண்டு. படத்தின் தலைப்பே அந்த ஆசானுக்குச் செய்த மரியாதை. மடிசார் கட்டிய அந்த உடலின் நடையிலும் கை அசைவிலும் ஸ்த்ரீபார்ட் மேடை தெரிகிறது. ராபின் வில்லியம்ஸிடம் இல்லாத ஒன்று அது.

கதையும் இந்த மண்ணுக்கு ஏற்ப மாறியது. பாண்டியன் சினிமாவில் நடன உதவியாளன், கையில் காசில்லாதவன். ஜானகி பணக்கார விஸ்வநாத ஐயரின் மகள், அப்பாவின் பேச்சை மீறிக் காதலித்து மணந்தவள். வறுமையில் சலித்து அப்பா வீட்டுக்குத் திரும்புகிறாள். விவாகரத்து ஆகிறது, மகள் பாரதி அம்மாவிடம், அப்பாவுக்கு வாரம் ஒரு முறை. வேடம் போடுகிறவன் வேறு சாதி, போடும் வேடம் ஐயர் வீட்டு மாமி. ஊமைச் சமையல்காரராக நடிக்கும் பாஷாவாக நாசர் வரும் காட்சிகளில் சாதியும் மதமும் சமையலறைக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது சிரிப்போடு வெளிப்படுகிறது. மாமியின் மேல் ஐயரே காதல் கொள்வதும், வீட்டுக்காரர் முதலியாரும் மயங்குவதும் ஜெமினி கணேசன், மணிவண்ணன் கைகளில் இன்றும் சலிக்காத நகைச்சுவை.

ஆனால் திருமணம் ஏன் முறிந்தது என்ற கேள்விக்கு இரண்டு படங்களும் தரும் பதிலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிராண்டாவின் காரணம் உறவுக்குள் இருந்தது. ஜானகியின் காரணம் வெளியே இருந்தது: பணம், சாதி, அப்பாவின் பிடிவாதம். வெளியே இருக்கும் காரணத்தை அகற்ற முடியும். அகற்றிவிட்டால் காதல் அப்படியே இருக்கிறது, சேர்ந்துவிடலாம். அதனால்தான் தமிழ்ப் படத்தில் குடும்பம் கடைசியில் ஒன்று சேர்கிறது. அந்த முடிவு கதைக்கு வெளியே இருந்து ஒட்டியதல்ல; முதல் காட்சியிலேயே காரணத்தை மாற்றி எழுதியபோதே தீர்மானமாகிவிட்டது. சாதி மீறிய காதல் திருமணம் தோற்றுப்போனது என்று முடிப்பதற்கும் இங்கே ஒரு விலை உண்டு. அப்படி முடிந்தால் ‘அப்போதே சொன்னேனே’ என்று சொல்லக் காத்திருக்கும் மாமனார்கள் திரையிலும் அரங்கிலும் இருந்தார்கள். ஆகவே ஜானகியும் பாண்டியனும் சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

இழப்பு வேறொரு இடத்தில். ஜானகிக்கு மிராண்டாவின் அந்த உரையாடல் கிடைக்கவில்லை. தன் வாழ்க்கை ஏன் முறிந்தது என்று அவள் தன் குரலில், தன் சொல்லில் விளக்கும் இடம் தமிழில் இல்லாமல் போனது. அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவே இழுபடுகிறவளாகவே அவள் நின்றுவிட்டாள். பாண்டியனும் பெரிதாக மாறத் தேவையில்லாமல் போயிற்று, ஏனென்றால் குறை அவனிடத்தில் இல்லை, அவன் பையில்தான் இருந்தது. மகளுக்காக மாமியான அவனது சாகசம், மனைவியை மீட்கும் சாகசமாகவும் ஆனது. அப்பாவாக இருப்பது கணவனாக இருப்பதன் ஒரு பகுதி என்ற பழைய எண்ணம் அப்படியே தப்பிப் பிழைத்தது. கமல் அடுத்த ஆண்டே இந்தியில் இயக்கிய ‘சாச்சி 420’லும் குடும்பம் சேர்ந்தே முடிகிறது.

சட்டமும் இங்கே வேறு மாதிரிதான் பேசுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர், அதாவது பிள்ளைக்குச் சட்டப்படியான பொறுப்பாளர், தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்கிறது. 5 வயது நிறையாத குழந்தை மட்டும் பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. தாய் இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டியதில்லை, தந்தை உயிரோடு இருக்கும்போதும் அவர் பொறுப்பேற்காத நிலையில் தாயே காப்பாளர் ஆகலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியது. காகிதத்தில் அப்பாவுக்கு முதல் உரிமை, நடைமுறையில் சிறு குழந்தைகள் அம்மாவிடம், அப்பாவுக்கு வாரத்தில் சில மணி நேரம். பாண்டியனுக்குக் கிடைத்தது அதுதான். கூட்டுப் பொறுப்பைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி இந்தியச் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் 2015இல் பரிந்துரைத்தது. 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், தொலைவில் இருக்கும் பெற்றோர் தினமும் சில நிமிடமாவது வீடியோ அழைப்பில் குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது, அது குழந்தையின் உரிமை என்ற அடிப்படையில்.

மிராண்டாவின் கடைசி முடிவு இங்கேதான் பொருந்துகிறது. கண்காணிப்போடு கூடிய சனிக்கிழமைகளை ஒழித்து, தினமும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் டேனியலோடு இருக்கலாம் என்ற ஏற்பாடு நீதிபதியின் யோசனை அல்ல. அவளே போய் மாற்றிக் கேட்டது. தொலைக்காட்சியில் அவன் முகத்தை, அதாவது அந்தப் பாட்டியின் முகத்தை, பிள்ளைகள் ஏக்கத்தோடு பார்ப்பதைக் கண்ட பிறகு, வீட்டில் இல்லாமல் போனது பாட்டி அல்ல என்று அவளுக்குப் புரிகிறது. அவன் மேல் இருந்த கோபத்தையும் பிள்ளைகளின் தேவையையும் அவள் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறாள்.

நம் ஊரில் 1976இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 13பி பிரிவின் கீழ், இருவரும் ஒத்துப் பிரிகிறவர்கள் கூட்டாக மனு கொடுக்கிறார்கள். நகை, பணம், ஜீவனாம்சம், வீடு எல்லாவற்றையும் வரி வரியாகப் பேரம் பேசி எழுதுகிற அந்த ஒப்பந்தத்தில் குழந்தைக்கு மட்டும் பல நேரங்களில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை ஞாயிறன்று பார்க்கலாம். அதைவிட நிறைய எழுத இடம் உண்டு, எழுதினால் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்கவே செய்யும். வார நாட்களில் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது, காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது, பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் போவதா, கோடை விடுமுறையை எப்படிப் பிரிப்பது, தாத்தா பாட்டிகள் எப்போது பார்ப்பது, ஊர் மாற வேண்டியிருந்தால் எத்தனை மாதம் முன்பே சொல்வது. இவற்றையெல்லாம் இரண்டு பக்கங்களில் எழுதி முடித்துவிடலாம்.